எடைக் கோப்பு ஏறாத நாட்கள்

மார்ச் 3, திங்கள்

திரையில் மறுபடியும் அதே சிவப்பு வரி. மாட்யூலுக்கு வெளியே இம்போர்ட் எழுதக் கூடாதாம். எழுதியது நானில்லை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே எழுதி, ஓடி, எல்லோரும் கைதட்டி முடித்த ப்ரோக்ராம் கோடு அது. திட்டு மட்டும் எனக்கு.

கோடு சரிதானா என்று பார்க்கும் டெஸ்ட்டுகளை ஓட்டும் கருவியைப் போன வாரம் புதிய பதிப்புக்கு மாற்றினார்கள். மாற்றிய அன்றே எல்லா டெஸ்ட்டும் படுத்துவிட்டது. ஓடித் தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை, ஓடவே தொடங்கவில்லை. ஒரு கோப்பு இன்னொரு கோப்பை உள்ளே இழுக்கிற அந்த இம்போர்ட் இடத்திலேயே விழுந்துவிடுகிறது. அதைத் தூக்கி நிறுத்துவதுதான் இந்த மாதம் என் வேலை.

நாங்கள் செய்வது குழந்தைகளுக்கான மருந்துக் கணக்கு. நர்ஸ் குழந்தையின் எடையைப் போட்டால் எத்தனை மில்லி என்று திரை சொல்லும். மாதக் கடைசியில் முதன்முறையாக க்ளினிக்குகளுக்குப் போகிறது. அதே மாதக் கடைசியில் என் ப்ரொபேஷனும் முடிகிறது.

"டெஸ்ட் எல்லாம் பச்சையாயிட்டா உங்க கன்ஃபர்மேஷன் லெட்டருக்கு நான் பொறுப்பு அக்கா," என்றார் குழுத் தலைவர். என்னைவிட எட்டு வயது சின்னவர். அலுவலகத்தில் என்னை அக்கா என்று கூப்பிடுகிற ஒரே ஆள். மற்றவர்களுக்கு என்னை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை, "எக்ஸ்கியூஸ் மீ" என்று சமாளிக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் கேட்டார்: "ஓடுச்சா?"

"ஓடல."

மார்ச் 4, செவ்வாய்

பத்து வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினால் இப்படித்தான். நான் போனபோது ஒரு கோப்பு இன்னொன்றைக் கூப்பிட ஒரு வழி இருந்தது. இப்போது பழைய வழி, புதிய வழி என்று இரண்டு. எங்கள் கோட்டில் பாதி அது, பாதி இது. பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பி ஒரே வீட்டில் குடியிருப்பதைப் போல, நடுவில் ஆள் வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. அந்த நடு ஆளுக்குத்தான் கான்ஃபிக் என்று பெயர்.

கான்ஃபிக்கில் ஒரு வரி மாற்றினேன். அந்தச் சிவப்பு வரி போய், வேறு சிவப்பு வரி வந்தது. இதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

மார்ச் 6, வியாழன்

வெளியார் எழுதி, நாங்கள் எடுத்துப் பயன்படுத்துகிற ஒரு லைப்ரரி. அது புதிய வழியில்தான் பேசும், கருவியோ வெளியார் கோப்புகளைத் தொடவே மாட்டேன் என்கிறது. தொடு என்று தனியாக எழுதிக் கொடுத்தேன். தொட்டது. பாதி டெஸ்ட் எழுந்துவிட்டது.

சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினேன்.

மார்ச் 8, சனி

இவர் வேலை பார்த்த அச்சகம் மூடியதிலிருந்து சமையலறை இவர் கையில். பாத்திரங்களை உயர வரிசைப்படி அடுக்கி வைத்திருக்கிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. உப்பு எங்கே என்று கேட்டால், "நடு வரிசைல, இடமிருந்து பாரு," என்கிறார். சொந்த வீட்டில் விருந்தாளியாகிவிட்டேன்.

மகள் பென்சில் சீவிக்கொண்டே கேட்டாள்: "அம்மா, உனக்கும் வேலை போயிடுமா?"

உனக்கும். அந்த 'உம்' இவர் காதிலும் விழுந்தது. குழாயைத் திறந்து, கழுவின தட்டையே மறுபடி கழுவ ஆரம்பித்தார். நான் "போகாதுடி, அம்மா நல்லா செய்யறேன்" என்றேன்.

பயமாக இருக்கிறது. இங்கே எழுதாமல் வேறு யாரிடம் சொல்வது? இந்த லெட்டர் வரவில்லை என்றால் இந்த வீட்டில் சம்பளம் வாங்க ஆளில்லை.

மார்ச் 11, செவ்வாய்

எல்லாம் எழுந்துவிட்டது, ஏற மறுக்கும் ஒன்றைத் தவிர. எடைக் கோப்பு.

குழந்தையின் எடை எந்த எல்லைக்குக் கீழே போனால் எந்தக் கணக்கு என்று வைத்திருக்கும் கோப்பு. மருந்துக் கணக்குச் செய்யும் கோப்பு இதைக் கூப்பிடுகிறது. கூப்பிட்டால், எல்லை என்று ஒரு மதிப்பே இல்லை என்று பதில் வருகிறது. கோப்பைத் திறந்து பார்க்கிறேன். இருக்கிறது! கண்ணெதிரே, மூன்றாவது வரியில் இருக்கிறது. நான் பார்க்கும்போது இருக்கிறது, டெஸ்ட் பார்க்கும்போது இல்லை.

தலைவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். "விடுங்க அக்கா, வந்துரும்," என்றார். வரவில்லை.

மார்ச் 12, புதன்

பள்ளியிலிருந்து போன். மகளுக்குக் காது வலி, காய்ச்சல். எரரை அப்படியே திரையில் விட்டுவிட்டு ஓடினேன்.

மார்ச் 13, வியாழன்

லீவு. டாக்டர் மகளை எடை மெஷினில் ஏற்றிவிட்டு மருந்துச் சீட்டு எழுதினார். எத்தனை தடவை பார்த்த காட்சி, இன்றுதான் அந்த மெஷினின் முள்ளைப் பார்த்தேன்.

மார்ச் 14, வெள்ளி

உள்ளே நுழைந்ததும் கைதட்டல். புரியாமல் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

எனக்குத்தான். எல்லா டெஸ்ட்டும் பச்சை. பெரிய திரையில் மேலிருந்து கீழ் வரை பச்சை. மேலாளர் அறையிலிருந்து வந்து கை குலுக்கினார். அந்த அம்மா யாருக்கும் கை கொடுத்து நான் பார்த்ததில்லை. "நல்ல வேலை. மாசக் கடைசில பேசுவோம்," என்றார்.

தலைவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், எடைக் கோப்பு எப்படி ஏறியது என்று. "எல்லாம் நீங்க செஞ்சதுதான் அக்கா. நேத்து நான் சும்மா கடைசியா ஒரு தட்டு தட்டினேன், அவ்வளவுதான்."

இவரிடம் ஓடிவிட்டது என்று சொன்னேன். மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். காது வலிக்கிற பிள்ளையை. அவளும் சிரித்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

நன்றாகத் தூங்கினேன். துணி மடித்துக்கொண்டிருந்தபோது நடுவில் நினைப்பு வந்தது. என்ன தட்டு அது?

மார்ச் 17, திங்கள்

பார்த்திருக்கவே கூடாது. இல்லை, பார்த்துத்தான் ஆக வேண்டும். என்ன எழுதுகிறேன்!

மாற்றங்களின் வரலாற்றைத் திறந்தேன். வியாழன் அன்று தலைவர் கான்ஃபிக்கில் ஒரே ஒரு வரி சேர்த்திருக்கிறார். டெஸ்ட் எப்போது எடைக் கோப்பைக் கேட்டாலும் அதைக் கொடுக்காதே, அதற்குப் பதிலாக இந்தப் பொம்மைக் கோப்பைக் கொடு என்று. பொம்மைக் கோப்பில் எல்லைகள் எல்லாம் சரியான எண்களாகக் கையால் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. மருந்துக் கணக்கு டெஸ்ட் அத்தனையும் பொம்மையைக் கேட்டு, பொம்மை சொன்னதைச் சரி பார்த்து, பச்சை காட்டுகிறது. நிஜ எடைக் கோப்பை எந்த டெஸ்ட்டும் தொடவே இல்லை.

வெளியாரின் லைப்ரரிக்கு இப்படிச் செய்வது வழக்கம்தான், அதில் தப்பில்லை. ஆனால் எதைப் பரிசோதிக்க வேண்டுமோ அதற்கே பொம்மை வைத்தால்?

யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதும் யாருக்கும் தெரியாது. தெரியாத மாதிரியே இருந்துவிட்டால் என்ன? மாதம் முடிய எத்தனை நாள் இருக்கிறது? நான் ஒன்றும் செய்யவில்லையே, அவர் செய்ததுதானே?

திரையை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

கேட்டுவிட்டேன். டீ மெஷின் பக்கத்தில், வேறு யாரும் இல்லாதபோது.

"தற்காலிகமா போட்டதுதான் அக்கா," என்றார். "நிஜத்துல எடைக் கோப்பு ஒழுங்காத்தானே ஓடுது? டெஸ்ட்லதானே ஏறமாட்டேங்குது. ரிலீஸ் முடியட்டும், நானே எடுத்துடறேன்."

பிறகு கப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க லீவு போட்டிருந்தீங்க. மேடம் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. உங்களுக்காகத்தான் போட்டேன்."

பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது. திருட்டு வேலை என்றால் கோபப்பட்டுவிட்டுப் போகலாம். எனக்கு நல்லது செய்ய நினைத்த மனிதரை நான் என்ன சொல்வது?

மார்ச் 19, புதன்

என் கணினியில் மட்டும் பொம்மையை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். சாப்பிடவும் எழவில்லை.

கண்டுபிடித்துவிட்டேன். எடைக் கோப்பு மருந்துக் கோப்பை இம்போர்ட் செய்து, அதிலிருக்கும் எண்களை வைத்துத்தான் எல்லையைக் கணக்கிடுகிறது. மருந்துக் கோப்பு எடைக் கோப்பை இம்போர்ட் செய்கிறது. வட்டம். எது முதலில் ஏறுகிறதோ அது மற்றதைக் கூப்பிடும், அந்த மற்றது திரும்பி இதைக் கேட்கும்போது இது இன்னும் பாதிதான் ஏறியிருக்கும். எடைக் கோப்பு முதலில் ஏறினால் எல்லாம் கூடி வருகிறது. மருந்துக் கோப்பு முதலில் ஏறினால் எல்லை என்ற இடத்தில் வெறுமைதான். பழைய கருவியில் எடைக் கோப்பு எப்போதும் முதலில் ஏறுகிற மாதிரி யாரோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள், அதனால் யாருக்கும் தெரியவில்லை. புதிய கருவி இத்தனை நாளும் உண்மையைத்தான் கத்திக்கொண்டிருந்தது. நாங்கள்தான் அதன் வாயை அடைத்துவிட்டோம்.

அப்படியானால் நிஜத் திரையில்?

எங்கள் குழுவில் கையால் பரிசோதிக்கிற பெண்ணை எல்லோரும் சந்தேகம் என்றுதான் கூப்பிடுவோம். எதையும் நம்ப மாட்டாள். அவளைக் கூப்பிட்டு, மருந்துக் கோப்பு முதலில் ஏறட்டும் என்று, முதல் பக்கம் வழியாகப் போகாமல் நேராக மருந்துப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். "அப்படி ஒரு தடவைகூட திறந்ததில்லையே," என்றாள். திறந்தாள். இரண்டு கிலோ என்று போட்டாள். திரையைப் பார்த்தாள். முதல் பக்கம் வழியாகப் போய் மறுபடி போட்டாள்.

"அக்கா, நேரா திறந்தா ரெண்டு மடங்கு காட்டுது."

அவளும் என்னை அக்கா என்றாள், முதல் தடவையாக.

எல்லை வெறுமையாக இருந்தால் எந்தக் குழந்தையும் எல்லைக்குக் கீழே இல்லை என்றாகிவிடுகிறது. குறைமாதத்தில் பிறந்ததற்கும் பெரிய குழந்தையின் கணக்கு. ரெண்டு மடங்கு. ஐயோ, பச்சப்புள்ளைக்கு ரெண்டு மடங்கு.

மார்ச் 20, வியாழன்

தலைவரிடம் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது.

"எல்லா டெஸ்ட்டும் ஓடுதுன்னு நான் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன் அக்கா," என்றார். பிறகு மெதுவாக: "நர்ஸுங்க எல்லாரும் முதல் பக்கத்துலேருந்துதானே வருவாங்க? ரிலீஸ் போகட்டும். அடுத்த வாரமே சத்தமில்லாம சரி பண்ணிடலாம்."

அடுத்த வாரம் வரைக்கும் எந்த நர்ஸும் அந்தப் பக்கத்தை நேராகத் திறக்க மாட்டாள் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? அவசரத்தில் இருக்கிறவர்கள் குறுக்கு வழியில்தான் போவார்கள். நானே அப்படித்தான்.

"நான் மேடம்கிட்ட சொல்லப் போறேன்," என்றேன். "நீங்களும் வாங்க."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

மார்ச் 21, வெள்ளி

அவர் லீவு.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிதானமாகக் கேட்டார். கடைசியில், "லெட்டர் வந்தப்புறம் சொல்லேன்," என்றார்.

எனக்கு வந்த கோபம்! கத்திவிட்டேன். மகள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் பதிலுக்குக் கத்தியிருந்தால் தேவலை. எழுந்து போய்ப் பாத்திரத்தை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஏன் இவ்வளவு கோபம் வந்தது? நானும் திங்கட்கிழமையிலிருந்து அதையேதானே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 22, சனி

காலையில் காபியை வைத்துவிட்டு இவர் சொன்னார்: "நான் சொன்னதை விட்டுடு. போய்ச் சொல்லிடு. பாத்துக்கலாம்."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இரண்டு பேருமே பேசவில்லை.

மார்ச் 24, திங்கள்

தலைவர் வந்தார். மேலாளர் அறைக்கு இரண்டு பேருமாகத்தான் போனோம். நான்தான் பேசினேன், வட்டத்தைத் தாளில் வரைந்து காட்டினேன். சந்தேகத்தைக் கூப்பிட்டு, திரையில் போட்டுக் காட்டச் சொன்னோம். மேலாளர் அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொம்மைக் கோப்பு யார் வச்சது?"

நான் தாளைப் பார்த்தேன். "நான்தான் மேடம்," என்றார் தலைவர். குரல் உடையவில்லை. அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு இருந்த மரியாதையை எழுதி வைக்க வேண்டும்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"பொம்மை இருக்கறது போன திங்கள் தெரியும். ரெண்டு மடங்கு வருதுங்கறது புதன்."

"புதன்கிழமை தெரிஞ்சது. இன்னிக்கு வந்து சொல்றீங்க."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் மறந்துபோகும்.

ரிலீஸ் தள்ளிப் போகிறது. தலைவர் இனி தலைவர் இல்லை. எனக்கு ப்ரொபேஷன் இன்னும் மூன்று மாதம்.

மார்ச் 27, வியாழன்

வட்டத்தை உடைத்தாகிவிட்டது. எல்லைகளை மட்டும் தனிக் கோப்பாக எடுத்து வைத்தேன். அது யாரையும் இம்போர்ட் செய்யாது, மற்ற இரண்டும் அதைக் கேட்டுக்கொள்ளும். இவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடு என்று இருக்கிறது. ஆனால் வேறு எங்கெல்லாம் இப்படி வட்டம் இருக்கிறது என்று தேடப் போனதில் இன்னும் கிடைத்தன. ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 31, திங்கள்

மாதக் கடைசி. லெட்டர் இல்லை. மகளிடம் நானே சொன்னேன். "மறுபடியும் பரீட்சையா?" என்றாள். ஆமாம் என்றேன். "எனக்கும்தான்," என்று சொல்லிவிட்டுக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

பொம்மை இல்லாமல், நிஜக் கோப்புகளோடு எல்லா டெஸ்ட்டும் ஓடியது. எல்லாம் பச்சை. யாரும் கைதட்டவில்லை. சந்தேகம் மட்டும் வந்து, கோடில் இரண்டு எண்களை வேண்டுமென்றே மாற்றிக் கெடுத்து, சிவப்பு வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. "ம்," என்றாள். அவளிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

பழைய தலைவர் இப்போது ஜன்னல் ஓர மேசையில். வேலை சம்பந்தமாக மட்டும் பேசுகிறார். பேசும்போது மேடம் என்கிறார். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் எதற்கென்று கேட்பது? செய்தது சரிதான். ஆனாலும் நெஞ்சு கனக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

அடுத்த வாரம் ரிலீஸ்; க்ளினிக்குகளுக்குப் போய் நர்ஸுகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமாம். கோடு எழுதுகிறவர்கள் யாரும் போக விரும்பாத வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். சரி என்றேன். சரி என்பதைத் தவிர வேறென்ன சொல்ல.

ஏப்ரல் 24, வியாழன்

காலையிலிருந்து க்ளினிக்கில் நின்றுகொண்டே இருந்தேன். கூட்டம். நர்ஸுக்கு நான் சொல்வதைக் கேட்க நேரமில்லை. "முதல் பக்கம்லாம் எதுக்குங்க, இதான வேணும்," என்று மருந்துப் பக்கத்தை மட்டும் தன் திரையில் பதித்து வைத்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய தேவை இல்லை.

மதியத்துக்கு மேல் ஒரு பெண் வந்தாள். துணிக்குள் என்னவோ பொட்டலம் கொண்டுவந்த மாதிரி இருந்தது. பிரித்தபோதுதான் குழந்தை என்று தெரிந்தது. குறைமாதம். எடை பார்த்தார்கள். இரண்டு கிலோவுக்கும் கீழே. நர்ஸ் எண்ணைப் போட்டார். நான் அவர் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். எத்தனையோ தடவை என் மேசையில் பார்த்த எண்தான். ஆனாலும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்த்தேன்.

நர்ஸ் மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்தார். அடியில் ஒரு கோடு அளவுக்கு.

தாய்க்குச் சமாதானம் ஆகவில்லை. "இவ்வளவுதானா? பெரியவளுக்கு நிறைய குடுத்தீங்களே."

"இவளுக்கு இவ்வளவுதாம்மா," என்றார் நர்ஸ். குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள். நர்ஸ் அடுத்த குழந்தையின் எடையைப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, எழுத்துகளைக் கொஞ்சம் பெரிதாக வைக்கக் கூடாதா, கண் வலிக்கிறது என்றார். சொல்கிறேன் என்றேன்.